பூசினாற்போன்ற உடம்புக்கும் ஓர் அளவு வையுங்கள்

ரெடிமேட் ஆடை தயாரிப்பவர்களுக்கும், ஜவுளிக்கடை நடத்துகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயா, அம்மா,

வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு தையல்கடை வைத்திருக்கிறேன். என் அப்பா புதுமண்டபத்தில் தைத்தவர். கல்தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் ஓடிய காலம் அது. துணியையும் அளவு ஜாக்கெட்டையும் கொடுத்துவிட்டு, மீனாட்சியைக் கும்பிட்டுத் திரும்புவதற்குள் ஜாக்கெட்டைத் தைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது ஒரு கத்தரிக்கோல், அப்புறம் ஆளைப் பார்த்ததும் அளவு சொல்கிற கண்.

இப்போதெல்லாம் புதுத்துணி தைக்க வருகிறவர்களைவிட, நீங்கள் தைத்து விற்றதைப் பிரித்துத் தைக்க வருகிறவர்கள்தான் என் கடைக்கு அதிகம். அவர்களில் பாதிக்கு மேல் ஒரே வாகு. உயரம் ஐந்தடி இருக்கும், அல்லது ஒன்றிரண்டு இன்ச் குறையும். மார்பு நிறைவாக, இடுப்பு ஒடுங்கி, அதற்குக் கீழே மறுபடி அகலமாக. எங்கள் பக்கம் ‘பூசினாப்ல இருக்கா’ என்பார்கள். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் மனசு நிறைந்து சொல்கிற வார்த்தை அது. நானும் அந்த வாகுதான், 4 அடி 10 அங்குலம். ஆகவே தையல்காரியாகவும் எழுதுகிறேன், உங்கள் கடையில் துணி எடுக்கிறவளாகவும் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். முதல் வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். பெரிய கடை ஒன்றில் மூன்று குர்த்தி எடுத்திருந்தாள். அங்கேயே போட்டுப் பார்த்து, சரியில்லை என்று தெரிந்தும், வேறு எதுவும் கிடைக்காததால் வாங்கியிருக்கிறாள். “உங்க சைஸ்ல லென்த் கம்மியா வராதும்மா, உடம்பைக் கொஞ்சம் குறைச்சா எல்லாம் கரெக்டா இருக்கும்” என்று அங்கே நின்ற பெண் சொன்னாராம். என் கடையில் அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அக்கா, எனக்குத் துணியே அமைய மாட்டேங்குது” என்றாள்.

நான் டேப்பை எடுத்தேன். மார்பு 39. தோள் 13¾. தோளிலிருந்து இடுப்பு ஒடுங்கும் இடம் வரை 13½. அவள் எடுத்திருந்தது எக்ஸ்எல், அதாவது 42. அந்தக் குர்த்தியில் தோள் 15½, நீளம் 46. இடுப்புக்கு வளைத்துத் தைத்திருந்த இடம் தோளிலிருந்து 15½ இன்ச் கீழே.

இந்த எண்களைத் தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். தோள் தையல் இரண்டு பக்கமும் கைமேல் தொங்குகிறது. உங்கள் குர்த்தி ஒடுங்குகிற இடத்தில் அவள் உடம்பு அகலமாகத் தொடங்கிவிட்டது. அவள் உடம்பு ஒடுங்குகிற இடத்தில் துணி தொளதொளவென்று நிற்கிறது. சைடு ஓப்பன் இடுப்பெலும்புக்குக் கீழே ஆரம்பிப்பதால், நடந்தால் துணி தொடையில் மாட்டி மேலே ஏறுகிறது. முக்கால் கை மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. மார்பைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அது வேறொருத்திக்குத் தைத்த துணி. அவளோ கண்ணாடியைப் பார்த்துத் தன் உடம்பைத்தான் திட்டிக்கொண்டாள். இந்த மடலை எழுதவைத்தது அதுதான்.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாங்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஒரு மாடலுக்கு முதலில் ஒரு சாம்பிள் தைக்கிறீர்கள், பெரும்பாலும் எம் சைஸில். அது சரியாக வந்ததும் அதை வைத்தே மற்ற சைஸ்களுக்கு பேட்டர்னை, அதாவது துணி வெட்டுகிற அளவு வடிவத்தை, ஏற்றுகிறீர்கள். மார்புக்கு ஒவ்வொரு சைஸுக்கும் 2 இன்ச் கூடும். கூடவே தோளுக்கு அரை இன்ச், கைக்குழிக்குக் கொஞ்சம், சில பேர் நீளத்துக்கும் கொஞ்சம். கணக்குக்கு அது சுலபம். ஆனால் பெண்ணுடைய எலும்பு அப்படி வளர்வதில்லை. உடம்பு போடும்போது மார்பும் வயிறும் இடுப்பும்தான் கூடும். தோளெலும்பின் அகலம் பதினெட்டு வயதில் இருந்ததுதான் நாற்பதிலும். கழுத்திலிருந்து இடுப்பு வரையுள்ள உயரமும் அப்படித்தான். ஆக, குட்டையாகவும் நிறைவாகவும் இருக்கிற ஒருத்தி மார்புக்காக ஒரு சைஸ் மேலே போகிறபோதெல்லாம், உயரமான, அகலத் தோள்கொண்ட வேறொரு பெண்ணின் துணிக்குள் போய் நிற்கிறாள்.

இன்னொன்று டாட், அதாவது மார்பின் மேட்டுக்கு இடம் கொடுக்கத் துணியை மடித்துப் பிடிக்கிற சிறு தையல். உங்கள் விலை குறைந்த குர்த்திகளில் மார்பு டாட்டே இருப்பதில்லை. ஒல்லியானவர்களுக்கு அது தெரியாது. நிறைவான மார்பின் மேல் துணி ஏறி இறங்கும்போது நீளத்தைத் தின்றுவிடும். முன்பக்க ஓரம் ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் மேலே தூக்கும், பின்பக்கம் தாழ்ந்து தொங்கும், மார்பிலிருந்து அக்குள் வரை சுருக்கம் விழும். பார்க்கிறவர்கள் ‘துணி டைட்டா இருக்கு’ என்பார்கள். டைட் இல்லை. மேடு பள்ளம் உள்ள இடத்தில் தட்டையான துணியைப் போர்த்தினால் வருகிற சுருக்கம் அது. அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு டாட் பிடித்தால், அல்லது தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ மார்பு வழியாக நீளத் தையல் இறக்குகிற பிரின்சஸ் கட் போட்டால் தீர்ந்தது. ஒரு குர்த்திக்கு எத்தனை நிமிடம் கூடுதல் ஆகும் என்று உங்கள் லைன் சூப்பர்வைசரைக் கேளுங்கள். பெரிய நேரம் இல்லை.

என் அக்கா மகள் ஃபேஷன் டெக்னாலஜி படிக்கிறாள். அவள் சொல்லித்தான் எனக்குச் சில விஷயம் தெரிந்தது. 1939-40-ல் அமெரிக்க விவசாயத் துறை கிட்டத்தட்ட 15,000 பெண்களை அளந்தது, ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். ரெடிமேட் சைஸ்களுக்கு அங்கே அடித்தளமாக அமைந்த ஆய்வு அது. ஆனால் கணக்கில் எடுத்துக்கொண்டது வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டும். அதே 1940-களில் ஹானா டிராய் என்ற ஆடை வடிவமைப்பாளர், ராணுவச் சேவைக்கு வந்த பெண்களின் அளவுகளைப் பார்த்து, கடையில் விற்கிற உடைகளைவிடப் பெரும்பாலான பெண்களின் மேலுடம்பு குட்டை என்று கண்டுபிடித்தார். அதிலிருந்துதான் அங்கே பெட்டிட் சைஸ் பிரபலமானது. 5 அடி 4 அங்குலத்துக்குள் இருப்பவர்களுக்கான வெட்டு. வெறுமனே கீழே நறுக்கியது இல்லை. தோள், கைக்குழி, இடுப்பு வளைவு, முட்டி என்று எல்லா இடத்தையும் மேலே நகர்த்தி வெட்டியது.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், ஐந்தடி. அமெரிக்கக் கணக்குப்படி நம்மில் பெரும்பாலானோர் பெட்டிட். அங்கே ஓர் ஓரமாகத் தனி ரேக்கில் மாட்ட வேண்டிய துணி, இங்கே கடையின் நடுவில், முதல் ரேக்கில் தொங்க வேண்டியது. நாமோ 46 இன்ச் குர்த்தியை ‘ஸ்டாண்டர்ட் லென்த்’ என்று எழுதி விற்கிறோம். யாருக்கு ஸ்டாண்டர்ட்? வாசலில் நிற்கிற ஆளுயர பொம்மைக்கு வேண்டுமானால் சரி. அந்த பொம்மைக்கும் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருப்பது, துணி விற்கிற உங்களுக்கும் தைக்கிற எனக்கும் தெரியும்.

நைட்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். ‘ஃப்ரீ சைஸ்’, நீளம் 55, 56 இன்ச். ஐந்தடிப் பெண்ணுக்குத் தோளிலிருந்து தரை வரை அவ்வளவு உயரமே கிடையாது. அதனால் புது நைட்டி வாங்கியதும் எங்கள் வீடுகளில் முதல் வேலை, முழங்காலுக்குக் கீழே இரண்டு இன்ச் பிடித்து ஒரு டக் தைப்பது. தைக்க நேரமில்லாதவர்கள் இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார்கள். மாடிப்படியில் காலில் மாட்டி விழுந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். இதில் ஸ்டைல் என்ற பேச்சே இல்லை. 50 இன்ச்சில் ஒரு நீளம் தைத்தால் உங்களுக்குத் துணியும் மிச்சம்.

சேலைக்கு அளவே கிடையாது, யார் கட்டினாலும் அமையும் என்பார்கள். முழுக்க அப்படி இல்லை. நீளம் ஐந்தரை மீட்டர் எல்லோருக்கும் தெரியும், அகலத்தை யாரும் கவனிப்பதில்லை. 47, 48 இன்ச் அகலச் சேலையை என் உயரத்துக்காரி கட்டினால், இடுப்பிலிருந்து தரைக்கு 36 இன்ச்தான். மீதி ஒரு அடித் துணி வயிற்றைச் சுற்றி உள்ளே மடிந்து உட்காரும். பட்டாக இருந்தால், கீழே ஜரிகைக் கரையும் இருந்தால், அந்த மடிப்பின் கனம் தனி. வயிறு பெரிதாகத் தெரிகிறது என்று அவள் நினைப்பாள். பாதி அந்த மடிப்புதான். பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே சேலை கட்டிய பாட்டிமார்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. கைத்தறிக்காரர்களிடம் கேட்டு 44 இன்ச் அகலத்தில் கொஞ்சம் சேலைகளாவது எடுத்து வையுங்கள். ‘அகலம் குறைவு’ என்று அதை மூலையில் ஒதுக்காமல், உயரம் குறைந்தவர்களுக்கு நீங்களே எடுத்துக் காட்டுங்கள். உள்பாவாடையும் 38, 40 இன்ச் நீளத்திலேயே வருகிறது. 35 இன்ச்சில் கேட்டால் சிறுமிகள் பக்கம் கை காட்டுகிறார்கள். சிறுமி பாவாடை எங்கள் இடுப்பில் ஏறுமா?

சேலையோடு வருகிற ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர். மார்பு 42, முழங்கை வரை கை, பிரின்சஸ் கட் என்று கேட்டால் அதில் வராது. நான் கைக்கு ஒட்டுப்போட வேண்டும், அல்லது வாடிக்கையாளர் ஆசைப்பட்ட கையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். 1 மீட்டராக விடுங்கள். இருபது சென்டிமீட்டர்தான்.

அளவுக்கு அப்புறம், உங்கள் கவுன்டரில் நடக்கிற பேச்சு. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் குட்டையாகவும் நிறைவாகவும் ஒருத்தி வந்தால், கருப்பும் நேவி ப்ளூவும் எடுத்துப் போடுகிறார்கள், ‘ஒல்லியா காட்டும்’ என்கிறார்கள். என் முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், தோளும் இடுப்பும் சரியாக உட்கார்ந்த மாம்பழ மஞ்சள் குர்த்தி, தோள் தொங்குகிற கருப்புக் குர்த்தியைவிட எங்களை எவ்வளவோ எடுப்பாகக் காட்டும். நிறத்தை நாங்கள் எங்கள் மனசுக்குப் பிடித்தபடி எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் பார்க்க வேண்டியது கோடும் நீளமும்.

குர்த்தி எங்கே முடிகிறது என்பது பெரிய விஷயம். கெண்டைக்கால் மிகவும் பருத்திருக்கிற இடத்தில் ஓரம் வந்து வெட்டினால் உயரம் இன்னும் குறைந்து தெரியும். முட்டியை ஒட்டி, அல்லது அதற்கு ஓரிரு இன்ச் கீழே, கால் ஒடுங்குகிற இடத்தில் நிறுத்தினால் கால் நீளமாகத் தெரியும். கணுக்கால் வரை போகிற நீள மாடல் வேண்டுமென்றால் அதுவும் போடலாம், ஆனால் சைடு ஓப்பன் இடுப்பு வரை உயர வேண்டும், துணி ரேயான், மல்காட்டன், கிரேப் மாதிரி விழுகிற துணியாக இருக்க வேண்டும். மொடமொடப்பான ஆர்கன்ஸாவில் அதே மாடல் பந்தலாக நிற்கும். கழுத்தை மூடிய காலரைவிட வி கழுத்து மார்பைப் பிரித்துக் காட்டி, கழுத்தை நீட்டும். கை எந்த இடத்தில் முடிகிறதோ அந்த மட்டத்தில் உடம்பு அகலமாகத் தெரியும். அரைக்கை சரியாக மார்பு மட்டத்தில் முடிந்தால் மார்பு இன்னும் பெரிதாகத் தெரியும், முழங்கை வரை இறக்கினால் பார்வை இடுப்புக்குப் போகும். மேலே ஒரு நிறம், கீழே பளிச்சென்று வேறு நிறம் என்று போட்டால் ஆளை இரண்டாக வெட்டின மாதிரி இருக்கும். ஒரே நிறச் சாயலில் மேலும் கீழும் எடுத்தால் ஒரே கோடாக ஓடும்.

அனார்கலி, ஃப்ராக் கட் எங்களுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகும். மார்புக்குக் கீழே போடுகிற இணைப்பு உண்மையிலேயே மார்புக்குக் கீழே வர வேண்டும், அவ்வளவுதான். மார்பு நிறைவாக இருந்தால் அந்த இணைப்பு மார்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். பார்க்கவே சங்கடமாக இருக்கும். இன்னும் தாழ்த்தி இடுப்பில் போட்டாலோ, 15 இன்ச்சில் வந்து எங்கள் வயிற்றில் விழும். அப்புறம் சுருக்கம். இணைப்புக்குக் கீழே நெருங்கின சுருக்கம் வைத்தால் இடுப்பில் கனம் கூடும், அதற்குப் பதில் ‘களி’, அதாவது மேலே குறுகிக் கீழே அகலும் துண்டுகள், வெட்டி விரித்தால் மேலே ஒட்டி, கீழே விரியும்.

இவ்வளவும் சொல்வது உடம்பை மறைப்பதற்காக இல்லை. எங்களை ஒல்லியாகக் காட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவே இல்லை. இடுப்பு இருக்கிற இடத்தில் துணிக்கும் இடுப்பு இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

எங்கே தொடங்கலாம் என்றால், டேக்கிலிருந்து தொடங்குங்கள். எக்ஸ்எல் என்று மட்டும் எழுதாமல், மார்பு, தோள், நீளம், இடுப்பு வளைவு எத்தனை இன்ச்சில் என்று நான்கு எண்கள் அச்சடியுங்கள். உங்கள் அளவு அட்டவணையில் அது ஏற்கெனவே இருக்கிறது. டேக்கில் எண் இருந்தால், ட்ரையல் ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வருகிற வேலை பாதி குறையும். அப்புறம் உள்ளே துணி விடுங்கள். ஓவர்லாக் அடித்த ஓரத்தை ஒட்டியே தைத்திருந்தால் என்னால் ஒரு நூல்கூட விட முடிவதில்லை. பக்கத்துக்கு முக்கால் இன்ச் விட்டால் போதும், வாங்கினவள் அதைப் பல வருடம் போடுவாள். நீளத்தைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தும் எம்பிராய்டரி பார்டரைக் கீழ் ஓரத்தில்தான் வைக்கிறீர்கள். அதை வெட்டவும் முடியாது, வெட்டாமல் போடவும் முடியாது. எத்தனை பேர் ஆசைப்பட்டு வாங்கிய பார்டரை என் கத்தரிக்கோல் தின்றிருக்கிறது! வெட்டின துண்டைக் கையில் கொடுத்தால் “வச்சுக்கோங்க அக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பிறகுதான் பெரிய வேலை. எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் மூன்றுக்கும் குட்டை நீளத்தில் ஒரு தனி பேட்டர்ன், தோள் 14-லேயே நின்று, இடுப்பு வளைவு 13½-க்கு ஏறி, பக்கத்தில் டாட்டோடு. எல்லா மாடலுக்கும் உடனே வேண்டாம். அதிகம் ஓடுகிற ஐந்து மாடலில் போட்டுப் பாருங்கள். அளவு எங்கே கிடைக்கும் என்று யோசிக்கிறவர்களுக்கு, மத்திய ஜவுளி அமைச்சகத்துக்காக நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் எடுத்துக்கொண்ட இந்தியா சைஸ் திட்டம் நினைவிருக்கும். ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரை, 25,000 பேரை ஸ்கேனர் வைத்து அளப்பது என்று 2018-ல் அறிவித்தார்கள். நல்ல வேலை. ஆனால் ஒரு பேட்டர்ன் மாற்றுவதற்கு அந்த அட்டவணை உங்கள் கட்டிங் மேசைக்கு வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு பையர் அனுப்புகிற அளவுத்தாளில் கால் இன்ச் தவறினாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புவார் என்று பயந்து தைக்கிற ஊர் நம்முடையது. அந்தக் கவனத்தில் கொஞ்சம் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கும் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

தோள் அகலத்தைக் குறைத்துத் தைக்க நான் 150 ரூபாய் வாங்குகிறேன். கையைப் பிரித்து, தோளை வெட்டி, கைக்குழியைத் திருத்தி, திரும்பக் கையை ஏற்ற வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும். 600 ரூபாய் குர்த்திக்கு 150 ரூபாய் கொடுக்கிறவளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ‘உனக்கு இந்த வருமானம் போய்விடுமே’ என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். போகட்டும். எனக்குப் புதுத்துணி தைக்கத்தான் பிடிக்கும், அதற்கு நேரம் கிடைக்கும்.

அந்த முதல் வேலைக்காரப் பெண்ணுக்கு மூன்று குர்த்தியையும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் முடித்துக் கொடுத்தேன். தோளைக் குறைத்து, டாட் பிடித்து, சைடு ஓப்பனை இரண்டு இன்ச் ஏற்றி, நீளத்தை 39-க்குக் கொண்டுவந்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். “அக்கா, எனக்கு இடுப்பு இருக்கு” என்றாள்.

என்னிடம் பல வருடத்து அளவு நோட்டுகள் இருக்கின்றன. ஐந்தடிக்குள் இருக்கிற பெண்களின் தோள், மார்பு, இடுப்பு உயரம், கை நீளம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. பெயர்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். உங்கள் பேட்டர்ன் மாஸ்டரை அனுப்புங்கள், அல்லது சாம்பிள் தைத்து எடுத்து வாருங்கள், நானே போட்டுக் காட்டுகிறேன். தீபாவளிச் சரக்குக்கு ஆடியில் கட்டிங் தொடங்கிவிடுவீர்கள். அதற்கு முன்னால் வந்தால் நல்லது. காலை பத்து மணிக்குக் கடை திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
மதுரைத் தையல்காரி ஒருத்தி